மெட்ரோ வந்தப்புறம் விக்கலாமா, இப்பவே வித்துடலாமா? மடிப்பாக்கம் வாசகிக்கு பதில்

வாசகி எழுதினது, சுருக்கமா:

"மடிப்பாக்கத்துல 820 சதுர அடி, ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட். ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மொத்தம் ஆறு வீடு, யூடிஎஸ் (மனையில எங்க பங்கு) 400 சதுர அடி. 2012 கடைசியில 34 லட்சத்துக்கு வாங்கினோம், லோன் இன்னும் 7 லட்சம் பாக்கி. பொண்ணு ப்ளஸ் டூ, பையன் ஏழாவது. போன வருஷம் மாமியார் தவறினதுல இருந்து மாமனாரும் எங்களோடதான் இருக்கார், ஹால்லதான் படுக்கறார், மூட்டு வலியால கீழ இறங்கியே நாலு மாசம் ஆச்சு. பொண்ணு ராத்திரி கிச்சன் மேடையில புக்கை வெச்சு நின்னுகிட்டே படிக்கிறா. மேடவாக்கம் பக்கம் மூணு பெட்ரூம், 1,200 சதுர அடி, 95 லட்சம் சொல்றாங்க, எங்க வீட்டுக்கு புரோக்கர் 60 சொல்றார். வீட்டுக்காரர் மெட்ரோ ஓட ஆரம்பிக்கட்டும், விலை ஏறும், ரெண்டு வருஷம் பொறுத்துக்கலாம்னு சொல்றார். அவருக்கு 46 வயசு, கையில வர்ற சம்பளம் 85,000. நான் ஸ்கூல் டீச்சர், 28,000. எஃப்டி 9 லட்சம் இருக்கு. எப்ப விக்கிறது சரி?"

சகோதரி, முதல்ல பதிலை சொல்லிடறேன், காரணம் பின்னாடி. மெட்ரோவுக்காக காத்திருக்க வேணாம். பொங்கல் முடிஞ்சதும் வீட்டை விலைக்கு போடுங்க, பொண்ணுக்கு பரீட்சை முடிஞ்சு மே மாசத்துக்குள்ள ரிஜிஸ்ட்ரேஷன் வர்ற மாதிரி பாருங்க. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு பேப்பரை எடுத்துப் பார்த்தே ஆகணும், அது சரியில்லனா இந்த பிளானே மாறும், அதை கீழ விலாவாரியா சொல்றேன்.

உங்க வீட்டுக்காரர் சொல்றது ஒரு வகையில நியாயம்தான், விலை ஏறும்போது வித்தா நல்லதுதானேன்னு யாருக்குமே தோணும். வித்த காசை எடுத்துட்டு ஊர்ப்பக்கம் போயிடறவங்களுக்கு அது சரி. ஆனா நீங்க வித்துட்டு இதைவிட பெரிய வீடா வாங்கப் போறீங்க, அப்போ நீங்க பார்க்க வேண்டியது உங்க வீட்டு விலையை இல்ல, ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்தை. இன்னைக்கு 60-க்கும் 95-க்கும் நடுவுல 35 லட்சம். ரெண்டு வருஷத்துல ரெண்டு பக்கமும் பத்து சதவீதம் ஏறுச்சுனு வெச்சுக்கோங்க, உங்க வீடு 66, அந்த வீடு 104.5, வித்தியாசம் 38.5 லட்சம். உங்களுக்கு 6 லட்சம் கூட கிடைச்ச சந்தோஷத்துல இருப்பீங்க, ஆனா உண்மையில கையை விட்டுப் போனது மூணரை லட்சம். விலை பத்து சதவீதம் விழுந்தா என்ன ஆகும்னும் பாருங்க, 54-க்கு வித்து 85.5-க்கு வாங்குவீங்க, வித்தியாசம் 31.5 தான். பெரிய வீட்டுக்கு மாறுறவங்களுக்கு மார்க்கெட் டல்லா இருக்கறதுதான் நல்லது, இதை எத்தனை பேர்கிட்ட சொன்னாலும் முதல் தடவை யாரும் ஒத்துக்கறதில்ல.

மெட்ரோ மட்டும் தனினு அவர் சொல்லலாம், மடிப்பாக்கத்துக்கு ஸ்டேஷன் வருதேன்னு. சரி, அது எந்த லைன்? மாதவரத்துல இருந்து சோழிங்கநல்லூர் போற அஞ்சாவது வழித்தடம். அது ஆதம்பாக்கம், புழுதிவாக்கம், மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, கோவிலம்பாக்கம் தாண்டி எங்க போகுது? மேடவாக்கம். அதாவது நீங்க வாங்க நினைக்கிற ஏரியாவுக்கும் அதே ரயில்தான் போகுது, உங்க வீட்டை தூக்கிவிடற அதே மெட்ரோ அந்த 95 லட்சத்தையும் சேர்த்துத்தான் தூக்கும். அதுவும் இல்லாம மெட்ரோ வருதுங்கற சேதி ஊருக்கே தெரிஞ்சு வருஷக்கணக்காச்சு, இப்ப புரோக்கர் சொல்ற 60-லயே அதுல பாதி உட்கார்ந்திருக்கும். நம்ம ஊர்ல ரயில் வேலை எப்ப முடியும்னு தேதி குறிச்சு குடும்ப முடிவை அதுல கட்டிப் போடறது ரிஸ்க், பக்கத்துலயே வேளச்சேரி டு பரங்கிமலை பறக்கும் ரயில், வெறும் அஞ்சு கிலோமீட்டர், பதினஞ்சு வருஷத்துக்கு மேல இழுத்தடிச்சதை நீங்களே பார்த்தீங்கல்ல.

காத்திருக்கறதுல இன்னொரு செலவு இருக்கு, இதை யாரும் கணக்குல எடுக்கறதே இல்ல. வயசு. உங்க வீட்டுக்காரருக்கு 46. சம்பளக்காரங்களுக்கு பேங்க் பொதுவா ரிட்டயர்மெண்ட் வரைக்கும்தான் லோன் டைம் கொடுக்கும், 60-னு வெச்சா 14 வருஷம். 50 லட்சம் லோன், வட்டி 8%னா 14 வருஷத்துக்கு மாசம் சுமார் 49,500 இஎம்ஐ. ரெண்டு வருஷம் கழிச்சு அதே 50 லட்சத்தை எடுத்தா 12 வருஷம்தான் மிச்சம், இஎம்ஐ சுமார் 54,100. வட்டி ஒரு பைசா ஏறாமலேயே மாசம் நாலாயிரத்து அறுநூறு ஏறுது. நீங்களும் சேர்ந்து கோ-அப்ளிகண்டா லோன் எடுத்தா, உங்க வயசு அவரைவிட கம்மினா சில பேங்க் கொஞ்சம் கூட டைம் கொடுக்கும், கேட்டுப் பாருங்க, ஆனா பிரைவேட் ஸ்கூல்னா சம்பளம் அக்கவுண்ட்லதான் வரணும், கையில கேஷா வாங்கறதை பேங்க் எடுத்துக்காது.

இப்ப உங்க கடிதத்துக்கே வர்றேன். நீங்க கேட்டது மூணு பெட்ரூம் பத்தி. ஆனா நான் படிச்சப்போ கண்ணு நின்ன இடம் மாமனார் நாலு மாசமா கீழ இறங்கலைங்கறது. உங்க வீட்டுல ரெண்டு பிரச்சனை இருக்கு, நீங்க ரெண்டையும் ஒண்ணா கட்டி எழுதியிருக்கீங்க. ஒண்ணு இடம் பத்தலை, இன்னொண்ணு படி. இடப் பிரச்சனை கொஞ்ச நாள் சமாச்சாரமாக்கூட இருக்கலாம், பொண்ணு ப்ளஸ் டூ, ஜூன் ஜூலைல காலேஜ், அது கோயம்புத்தூரோ திருச்சியோ ஆச்சுனா ஹாஸ்டல், அப்புறம் வீட்டுல தினமும் இருக்கப் போறது நாலு பேர். படி அப்படி இல்ல, மூட்டு தானா சரியாகப் போறதில்ல, பத்து வருஷம் போனா உங்களுக்கும் அதே படிதான். அதனால வாங்கற வீட்டுல முதல் கண்டிஷன் லிஃப்ட், இல்லனா கிரவுண்ட் ஃப்ளோர், அதுக்கப்புறம்தான் எத்தனை ரூம்ங்கறது. கிரவுண்ட் ஃப்ளோர்னு சொல்லிட்டேன், ஆனா அந்தப் பக்கம் கிரவுண்ட் ஃப்ளோர் பார்க்கறதா இருந்தா 2015 டிசம்பர்லயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் அந்த தெருவுல தண்ணி எது வரைக்கும் நின்னுச்சுனு வீட்டுக்காரங்ககிட்ட கேக்காதீங்க, தெருமுனை மளிகைக்கடைல கேளுங்க, கரெக்டா கையை வெச்சுக் காட்டுவாங்க.

ரூம் விஷயத்துல எனக்கு தோணறது, 95 லட்சத்து 1,200 சதுர அடி உங்களுக்கு அதிகம். உண்மைச் செலவை போட்டுப் பார்த்தீங்களானு தெரியல. வித்தியாசம் 35 லட்சத்தோட முடியறதில்ல. வேற ஒருத்தர்கிட்ட இருந்து பழைய ஃப்ளாட்டா வாங்கினா ஸ்டாம்ப் டியூட்டி 7%, ரிஜிஸ்ட்ரேஷன் 2%, ஆக 9%, 95 லட்சத்துக்கு அதுவே 8.55 லட்சம், இதுக்கு பேங்க் லோன் கிடைக்காது, கைக்காசுதான். பில்டர்கிட்ட நேரா முதல் விற்பனைல வாங்கினா 50 லட்சத்துல இருந்து 3 கோடி வரைக்கும் உள்ள ஃப்ளாட்டுக்கு மொத்தம் 7%, ஆனா கட்டி முடிக்காத வீடுனா ஜிஎஸ்டி 5% வந்து அந்த மிச்சத்தை தின்னுடும். விக்கிற பக்கம் ஒரு சதவீதம், வாங்கற பக்கம் ஒரு சதவீதம் புரோக்கருக்கு, அது ஒண்ணரை லட்சம். கப்போர்டு, ஃபேன், கிரில், பெயிண்ட், சாமான் ஏத்தறதுனு கையை எவ்வளவு கட்டினாலும் 4 லட்சம். பழைய லோன் 7. எல்லாம் கூட்டினா 56 லட்சம் ஆகுது. எஃப்டில 6 எடுத்துக்கோங்க, 3 லட்சத்தை தொடவே தொடாதீங்க, மாமனார் வயசுக்கு அது ஆஸ்பத்திரி காசு. அப்போ லோன் 50 லட்சம், இஎம்ஐ 49,500, உங்க ரெண்டு பேர் சம்பளமும் சேர்த்து 1,13,000, அதுல நூத்துக்கு 44 ரூபா போயிடுது. இதுல பொண்ணு காலேஜ் ஃபீஸ் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல.

இதையே 80 லட்சத்துக்கு ஒரு சின்ன மூணு பெட்ரூம், ஆயிரம் ஆயிரத்து ஐம்பது சதுர அடில, பத்து வருஷம் பழசானாலும் லிஃப்ட் வேலை செய்ற பில்டிங்கா பாருங்க. அதே கணக்குல லோன் 34 லட்சத்துக்குள்ள அடங்கும், இஎம்ஐ சுமார் 33,700, சம்பளத்துல முப்பது சதவீதம். பத்தடிக்கு ஒன்பதடி இருந்தாலும் கதவு சாத்திக்கற மாதிரி ஒரு ரூம் மாமனாருக்கு வேணும், ஹால்ல படுக்கறவருக்கு தேவை அதுதான், பெரிய பால்கனி இல்ல. ப்ரோஷர்ல மூணாவது பெட்ரூம்னு போட்டிருக்கறதுல கட்டில் போட்டா கதவு திறக்குதானு டேப் எடுத்துட்டுப் போய் அளந்துடுங்க.

இஎம்ஐ தாங்குமானு தெரிஞ்சுக்க ஒரே வழி, இப்பவே கட்டிப் பார்க்கறது. இப்ப கட்டற இஎம்ஐ போக, புது இஎம்ஐக்கு எவ்வளவு கூட வேணுமோ அதை இந்த மாசத்துல இருந்தே பேங்க்ல ஆர்டியா (மாசாமாசம் கட்டற சேமிப்பு) போடுங்க, சம்பளம் வந்த மறுநாளே போகற மாதிரி. தீபாவளி மாசத்துலயும் ஸ்கூல் ஃபீஸ் மாசத்துலயும் கூட ஆர்டி நிக்காம போச்சுனா புது வீடு தாங்கும். நடுவுல எடுத்தீங்கனா 80 கூட அதிகம்னு அர்த்தம், இன்னும் இறங்கி வாங்க. எப்படியும் சேர்ந்த காசு ரிஜிஸ்ட்ரேஷனுக்கு ஆகும்.

விக்கவே வேணாம், வாடகைக்கு விட்டுட்டு புதுசு வாங்குங்கன்னு உங்க சொந்தக்காரங்கள்ல ஒருத்தராவது சொல்லியிருப்பாங்க. அந்த வீட்டுக்கு 17,000 வாடகை வரும்னு வெச்சாலும் வருஷத்துக்கு 2,04,000, 60 லட்சத்துக்கு மூணரை சதவீதம்கூட இல்ல, அதுல மெயின்டனன்ஸ், சொத்து வரி, நடுவுல காலியா கிடக்கற மாசம் எல்லாம் கழிக்கணும். அந்த 60 லட்சத்தை விடாம வெச்சிருக்கறதுக்கு பேங்க்ல 8% கட்டப் போறீங்க. முதல்ல வாங்கின வீடு, பையன் பொறந்த வீடுங்கற பாசம் எனக்கும் புரியுது. அந்த பாசத்துக்கு வருஷம் ரெண்டரை மூணு லட்சம் கொடுக்க உங்க சம்பளம் பத்தாது.

இன்னொரு கூட்டம் ரீடெவலப்மெண்ட் வரும், பில்டர் இடிச்சு புதுசா கட்டித் தருவார்னு சொல்லும். 2022-ல வந்த அடுக்குமாடி உரிமையாளர் சட்டப்படி மூணுல ரெண்டு பங்கு பேர் ஒத்துக்கிட்டா இடிச்சுக் கட்டலாம்னு ஆயிடுச்சு, அது உண்மை. ஆனா அது கே.கே.நகர், அண்ணாநகர் மாதிரி இடத்துல முப்பது நாப்பது வருஷப் பழைய கட்டடத்துக்கு நடக்கற கதை. 2012-ல கட்டின ஆறு வீட்டுக்கு இப்போதைக்கு எந்த பில்டரும் கதவைத் தட்ட மாட்டார். அதுக்குள்ள உங்க கட்டடம் பழசாகிட்டே போகும், யூடிஎஸ் மதிப்பு ஏறும், கட்டட மதிப்பு இறங்கும், லிஃப்ட் இல்லாத ரெண்டாவது மாடியை வயசானவங்க இருக்கற எந்த குடும்பமும் பார்க்கக்கூட வராது, வர்றது எல்லாம் புதுசா கல்யாணம் ஆனவங்க. காத்திருந்தா உங்க வீடும் அந்த வீடும் ஒரே வேகத்துல ஏறும்னு மேல போட்ட கணக்கே உங்களுக்கு சாதகமா போட்டதுதான்.

இப்ப அந்த பேப்பர். அப்ரூவ்ட் பிளான். நீங்க கொடுத்த நம்பரை பார்த்ததுமே எனக்கு உறுத்துச்சு. யூடிஎஸ் 400, ஆறு வீடு, அதாவது மொத்த மனை 2,400 சதுர அடி, சரியா ஒரு கிரவுண்டு. 2012-ல சென்னைல சாதாரண வீட்டுக்கு எஃப்எஸ்ஐ, அதாவது மனையைப் போல எத்தனை மடங்கு கட்டலாம்ங்கற அளவு, 1.5 தான், 2019 விதிகள்லதான் அது 2 ஆச்சு. 2,400-க்கு ஒண்ணரை மடங்குனா 3,600 சதுர அடிதான் கட்டலாம். உங்களோட 820 மாதிரியே ஆறு வீடுனா 4,920. சரி, 820-ங்கறது காமன் ஏரியா சேர்த்த சூப்பர் பில்ட்-அப், அதுல சுமார் 120 கழிச்சு 700-னு வெச்சாலும் 4,200 வருது. எங்கயோ இடிக்குது. அந்தக் காலத்துல சின்ன பில்டர்கள் நாலு வீட்டுக்கு அப்ரூவல் வாங்கி ஆறு வீடு கட்டினது புறநகர்ல ரொம்ப சகஜம், கூட சேர்க்கற மாடி எப்பவும் மேல் மாடிதான், மாடிக்கு ரெண்டு வீடுனா நீங்க இருக்கறது மேல் மாடி. உங்க வீடு அப்படித்தான்னு நான் சொல்லல, பிளானை பார்க்காம யாரும் சொல்ல முடியாது. ஆனா பார்க்காம விலைக்கு போடாதீங்க.

எங்களுக்கு 2012-ல பேங்க் லோன் கொடுத்தாங்களேன்னு கேப்பீங்க. அப்ப கொடுத்த பேங்க் வேற, இப்ப உங்க வீட்டை வாங்கறவருக்கு கொடுக்கப் போற பேங்க் வேற. அவங்க இன்ஜினியர் பிளானை கையில வெச்சுகிட்டு மாடி ஏறுவார், பிளான்ல இல்லாத வீட்டுக்கு சில பேங்க் மதிப்பே போடாது, சில பேங்க் பிளானை மீறிக் கட்டின டீவியேஷனை ஓரளவு பொறுத்துக்கும். கட்டணம் கட்டி ரெகுலரைஸ் பண்ணிடலாம்னு யாராவது பணம் கேட்டா நம்பிடாதீங்க, அரசு கொண்டுவந்த அந்த வரன்முறைத் திட்டம் 1-7-2007-க்கு முன்னாடி கட்டினதுக்குத்தான், உங்க கட்டடம் அதுக்கப்புறம் வந்தது. பிளான் காப்பி எங்க கிடைக்கும்னா, முதல்ல உங்க பேங்க்லயே கேளுங்க, நீங்க லோன் வாங்கினப்போ வக்கீல் கொடுத்த லீகல் ஒப்பீனியன்ல எந்த நம்பர் பிளான், எத்தனை வீடுனு இருக்கும். இல்லனா கீழ் வீட்டுக்காரங்ககிட்ட, அதுவும் இல்லனா பிளான் அப்ரூவல் கொடுக்கற சிஎம்டிஏவுலயோ மாநகராட்சி மண்டல ஆபீஸ்லயோ ஆர்டிஐ, அதாவது தகவல் உரிமை மனு, போட்டா வரும்.

பிளான்ல உங்க மாடி இருந்துச்சுனா நிம்மதி. இல்லனா, வீடு விக்காதுனு இல்ல, விக்கும், ஆனா லோன் இல்லாம வாங்கறவங்களுக்கோ இல்ல கூட வட்டிக்கு கொடுக்கற ஃபைனான்ஸ் கம்பெனில வாங்கறவங்களுக்கோதான் விக்க முடியும், விலை 60 நிக்காது. அப்பவும் காத்திருக்கறது தீர்வு இல்ல, பேங்குங்க இந்த விஷயத்துல வருஷத்துக்கு வருஷம் கறாராத்தான் ஆகுது. விஷயத்தை மறைச்சு அட்வான்ஸ் வாங்கிடாதீங்க, அவர் லோன் ரிஜெக்ட் ஆனா அட்வான்ஸ திருப்பிக் கேட்டு வாசல்ல நிப்பார், அந்த நேரம் நீங்க அந்தக் காசை புது வீட்டுக்கு அட்வான்ஸா கொடுத்திருப்பீங்க.

வரி பத்தி நீங்க கேக்கல, ஆனா 26 லட்சம் லாபம், இன்கம் டாக்ஸ்ல போயிடுமேன்னு பயந்து விக்காம இருக்கறவங்க நிறைய பேர். 2024 ஜூலை 23-ல இருந்து வீடு வித்தா இன்டெக்ஸேஷன் (வாங்கின விலையை விலைவாசிக்கு ஏத்தபடி ஏத்திக் காட்டறது) இல்லாம 12.5% வரி. அப்படி போட்டா 26 லட்சத்துக்கு 3.25 லட்சம். ஆனா அந்த தேதிக்கு முன்னாடி வாங்கின வீட்டுக்கு, இந்தியால இருக்கறவங்களுக்கு, பழைய முறையில இன்டெக்ஸேஷனோட 20% போட்டு எது கம்மியோ அதைக் கட்டலாம்னு விட்டிருக்காங்க. அதுக்கு வருஷா வருஷம் அரசு ஒரு விலைவாசிக் குறியீடு வெளியிடும், நீங்க வாங்கின 2012-13-க்கு அது 200, 2025-26-க்கு 376. 34 லட்சத்தை 376-ஆல பெருக்கி 200-ஆல வகுத்தா 63.92 லட்சம். நீங்க விக்கப் போறது 60-க்கு. வரி பூஜ்யம். விக்கிற வருஷத்தோட குறியீட்டைத்தான் போடணும், அது 376-க்கு கீழ இறங்காது, அதனால பயமில்ல. ஒருவேளை 64-க்கு மேல போனாலும் வித்த தேதில இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள வேற வீடு வாங்கறவங்களுக்கு விலக்கு இருக்கு, நீங்க எப்படியும் வாங்கத்தானே போறீங்க.

இதுல ஒரு இடத்துல உஷாரா இருங்க. அந்தக் காலத்துல ஃப்ளாட் வாங்கும்போது யூடிஎஸ்-க்கு மட்டும் கிரயப் பத்திரம், கட்டடத்துக்கு தனியா கன்ஸ்ட்ரக்‌ஷன் அக்ரிமெண்ட்னு ரெண்டா போடுவாங்க. உங்க பத்திரத்தை பிரிச்சுப் பாருங்க, அதுல 34 லட்சம் இருக்காது, பத்தோ பன்னெண்டோதான் இருக்கும். ஆடிட்டர்கிட்ட பத்திரத்தை மட்டும் நீட்டினா அவர் அந்தப் பன்னெண்டைத்தான் வாங்கின விலையா எடுப்பார், இல்லாத வரி வந்து நிக்கும். கன்ஸ்ட்ரக்‌ஷன் அக்ரிமெண்ட், பில்டருக்கு செக் கொடுத்த ரசீது, பேங்க் லோன் ஸ்டேட்மெண்ட், மூணையும் தேடி எடுத்து வையுங்க, பீரோவுக்கு மேல இருக்கற பழைய சூட்கேஸ்லதான் இருக்கும்.

வரியே இல்லைங்கறதால இன்னொரு தலைவலியும் தீருது. வர்றவர் பத்துப் பதினஞ்சு லட்சம் கேஷா தர்றேன், பத்திரத்துல கம்மியா போட்டுக்கலாம்பார், புரோக்கரும் ஆமாம்பார். அவருக்கு ஸ்டாம்ப் டியூட்டி மிச்சம், உங்களுக்கு ஒரு பைசா பிரயோஜனம் இல்ல. அந்தக் கேஷை புது வீட்டுக்கு காட்ட முடியாது, லோன் கூட வாங்க வேண்டி வரும், சொத்து விக்கிறதுல 20,000 அல்லது அதுக்கு மேல கேஷா வாங்கினா அவ்வளவு தொகையும் அபராதமா போடலாம். முழுக்க செக்தான்னு முதல் போன்லயே சொல்லிடுங்க, பாதிப் பேர் கழண்டுக்குவாங்க, நல்லதுதான். விலை 50 லட்சத்துக்கு மேல இருக்கறதால வாங்கறவர் ஒரு சதவீதம், அதாவது 60,000, டிடிஎஸ் பிடிச்சுத்தான் தருவார், வருமான வரித் தாக்கல்ல திருப்பி வாங்கிக்கலாம்.

விக்கிறது முதல்லயா வாங்கறது முதல்லயான்னா, விக்கிறதுக்கு அக்ரிமெண்ட் முதல்ல. வாங்கற வீட்டை இப்ப இருந்தே ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போய் பாருங்க, விலை பழகட்டும், ஆனா உங்க வீட்டுக்கு ஆள் முடிவாகாம அட்வான்ஸ் கொடுக்காதீங்க. கொடுத்துட்டா மூணு மாச கெடு உங்க கழுத்துல, அந்த அவசரத்துல 60 வீடு 55-க்குப் போகும். பொங்கல் கழிச்சு போடச் சொன்னதும் இதுக்குத்தான், மார்கழில யாரும் அட்வான்ஸ் கொடுக்க மாட்டாங்க, தை பொறந்ததும் கிளம்புவாங்க, பிள்ளைங்களுக்கு ஜூன்ல ஸ்கூல் மாத்தணும்னு நினைக்கறவங்க சித்திரைக்குள்ள முடிக்கப் பார்ப்பாங்க. ஆடிக்கு தள்ளிப் போச்சுனா மறுபடி ஆவணி வரைக்கும் படுத்துடும். ஒரு விஷயம், பொண்ணுக்கு மார்ச்ல பரீட்சை, வீடு பார்க்க வர்றவங்களை சனி ஞாயிறு சாயங்காலம் மட்டும் வரச் சொல்லுங்க, புரோக்கர் முணுமுணுப்பார், விட்டுடுங்க.

சேல் அக்ரிமெண்ட்ல ரிஜிஸ்ட்ரேஷனுக்கு நாலு மாசம் டைம் கேளுங்க, வழக்கமா மூணு சொல்வாங்க. ரிஜிஸ்டர் ஆனப்புறமும் ரெண்டு மாசம் வாடகை கொடுத்துட்டு அங்கயே இருந்துக்கறோம்னு ஒரு வரி எழுதி வாங்குங்க, அந்த ரெண்டு மாசம்தான் புது வீட்டுல கார்பெண்டர் வேலை முடியற டைம். உங்க பழைய 7 லட்சத்தை முன்கூட்டியே அடைக்க எஃப்டியை உடைக்காதீங்க, வாங்கறவரோட பேங்க் நேரா உங்க பேங்குக்கு செக் கொடுத்து அடைக்கும், மிச்சம் உங்களுக்கு வரும். லோன் முடிஞ்ச 30 நாளைக்குள்ள ஒரிஜினல் பத்திரத்தை பேங்க் திருப்பிக் கொடுக்கணும், லேட்டானா நாளுக்கு 5,000 ரூபாய் தரணும்னு ரிசர்வ் பேங்க் 2023 டிசம்பர்ல இருந்து கட்டாயமாக்கியிருக்கு. லோனுக்காக பத்திரத்தை பேங்க்ல அடமானம் வெச்சதுக்கான எம்ஓடியை கேன்சல் பண்ற ரசீதை சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல பதிஞ்சாத்தான் ஈசில (வில்லங்கச் சான்று) இருந்து கடன் போகும், அதை மறந்துட்டு எத்தனையோ பேர் கிரயத்தன்னைக்கு டோக்கன் கையில வெச்சுகிட்டு ஓடறதை பார்த்திருக்கேன்.

எப்போ இந்த பிளானை தள்ளிப் போடலாம்னா, ரெண்டே சந்தர்ப்பம். ஆர்டி நடுவுல நின்னு போச்சு, இல்ல பிளான்ல உங்க மாடி இல்லாம விலை 50-க்கு கீழ கேக்கறாங்க. அப்பவும் மாமனாரை அந்த மாடில வெச்சுகிட்டு காத்திருக்காதீங்க. உங்க ஃப்ளாட்டை 17,000-க்கு வாடகைக்கு விட்டுட்டு, அதே ஏரியாவுல லிஃப்ட் இருக்கற வீட்டுக்கு 25, 26 கொடுத்துப் போங்க, மாசம் எட்டு ஒன்பதாயிரம் கையில இருந்து போகும், இஎம்ஐயோட பார்க்கும்போது சின்னத் தொகை. ஒரு வருஷம் அப்படி இருந்து பார்த்தா மூணு ரூம் உண்மையிலேயே வேணுமா, பொண்ணு ஹாஸ்டல் போனப்புறம் ரெண்டே போதுமானும் தெரிஞ்சுடும்.

உங்க வீட்டுக்காரர்கிட்ட மெட்ரோ பத்தி வாதாட வேணாம். 60-95, 66-104.5னு ரெண்டு வரியையும், 49,500-54,100 இஎம்ஐயையும் ஒரு பேப்பர்ல எழுதி கொடுங்க, இன்ஜினியர் டைப்னா நம்பரே பேசிக்கும். பிளான் காப்பி கிடைச்சதும் எத்தனை வீட்டுக்கு அப்ரூவல், எந்தெந்த மாடினு பார்த்து எழுதி அனுப்புங்க, அதை வெச்சு எந்த மாதிரி பேங்க்ல வாங்கறவரா தேடறதுனு அடுத்த வாரம் சொல்றேன்.